ஏழாம் எண் டேப்லெட்டில் ஒன்பது நிமிடம்

காலை 10.55. ஒன்பதாம் வகுப்பறை. டீச்சர் திரையை இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

'பள்ளிக்கூடத்து மழைத்தண்ணீர் எங்கே போகிறது?' என்ற தலைப்பில் மூன்று மாணவிகள் மூன்று வாரமாக ஒரே கோப்பில் சேர்ந்து உருவாக்கிய பன்னிரண்டு பக்கங்கள். எழுத்தைக் காணோம். குரல் பதிவுகளைக் காணோம். படங்கள் மட்டும் நின்றன. 11.30க்கு அரங்கில் காட்ட வேண்டும்.

டீச்சர் மாற்ற வரலாற்றைத் திறந்தார். எந்தக் கணக்கிலிருந்து, எந்த நிமிடத்தில், எது மாறியது என்பதைக் கூட்டுக் கோப்பு குறித்து வைத்துக்கொள்ளும். 10.42 முதல் 10.51 வரை, ஏழாம் எண் டேப்லெட்: கண்ணாடி.

எழுத்துப் பொறுப்பிலிருந்த பெண்ணின் பட்டப்பெயர் அது.

"நான் இல்ல டீச்சர். அரங்கத்துல நாற்காலி போட்டுட்டிருந்தேன். டேப்லெட்டை இங்கயே வெச்சுட்டுப் போனேன்."

"யார் பார்த்தா?"

"யாருமில்ல."

"நேத்து சண்டை போட்டு, 'தனியாவே பண்ணிக்கிறேன்'னு சொன்னது யாரு? நீ மேடை ஏற வேண்டாம்."

அப்போது கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் லேப் அக்கா உள்ளே வந்தார், கூடவே குழுவில் படம் வரையும் 'பிரஷ்' என்ற மாணவி. 10.40 முதல் இருவரும் கணினி அறையில் கடைசிப் படத்தை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் மைதானத்தில். அந்த நேரத்தில் வகுப்பறையில் இருந்தவள் குரல் கொடுக்கும் மூன்றாமவள் 'ரேடியோ' மட்டும்; இப்போதும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அவளா இருக்காது. அவ குரலும்தானே போச்சு?" என்றார் டீச்சர்.

லேப் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "வரலாறு கணக்கோட பேரைத்தான் சொல்லும் டீச்சர், விரலைச் சொல்லாது. திறந்து கிடந்த டேப்லெட்டை யார் தொட்டாலும் கண்ணாடி பேர்தான் விழும். சரி, எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து அழிக்க ரெண்டு விநாடி போதும். இதுக்கு ஏன் ஒம்பது நிமிஷம்?"

லேப் அக்கா பிரஷ் பக்கம் திரும்பினார்.

"பழைய நகலை மீட்டுடலாம். ஆனா எழுத்தும் குரலும்தான் திரும்ப வரும். படங்கள் போயிடும். பரவாயில்லையா?"

"மறுபடி வரைஞ்சுக்கறேன்," என்றாள் பிரஷ்.

"படம் போகக் கூடாது!" ரேடியோ எழுந்தே விட்டாள். "அப்படின்னா மீட்கவே வேண்டாம்க்கா!"

"உன் குரல் வராதே, கண்ணு?"

ரேடியோ மெல்ல உட்கார்ந்தாள். லேப் அக்கா தொடர்ந்தார்.

"படம் போகாது. நான் சொன்னது பொய். பக்கம் பக்கமாப் போய், படத்துல கை படாம மத்ததை மட்டும் எடுத்ததாலதான் ஒம்பது நிமிஷம். சந்தேகம் வரக் கூடாதுன்னு தன் குரலையே அழிச்சுக்கிட்டவளுக்கு, பிரஷ்ஷோட ஒரு கோட்டை அழிக்க மனசு வரல. ரேடியோ, நீதானே?"

ரேடியோ தரையைப் பார்த்தாள். "நாலாம் வகுப்புலேர்ந்து பிரஷ் என் பக்கத்துலதான் உக்காருவா. இப்ப சாயங்காலம் கோப்பைத் திறந்தா, பச்சைக் கர்சர் எங்க போகுதோ சிவப்பும் அங்கயே ஓடுது. ரெண்டும் ஒரே வரியில நிக்குது. நான் ஓரமா வேடிக்கை பார்த்துட்டிருந்தேன். எரிஞ்சுது."

கோப்பில் யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று காட்டும் குறிகள் அவை: பச்சை பிரஷ், சிவப்பு கண்ணாடி.

11.12. அக்கா இரண்டு முறை சொடுக்கினார். எல்லாம் திரும்பி வந்தன. முதல் பக்கத்தின் குரல் தானாக ஒலித்தது: "இந்தப் படங்களை வரைஞ்சது என் தோழி."

பிரஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டீச்சர் கண்ணாடியிடம் தாழ்ந்த குரலில், "தப்பு என்மேல. நீயே மேடை ஏறு. குரலும் நீயே குடுத்துடு," என்றார்.

கண்ணாடி மூக்கை உறிஞ்சினாள். "அவளை நான் மன்னிக்கல டீச்சர். ஆனா குரல் அவளோடதே இருக்கட்டும். என் குரல் கேக்கச் சகிக்காது."