அளவுக்கு நின்ற ஆள்

மூடிக் கிடக்கும் கட்டிடங்களைப் படம் எடுப்பது என் பிழைப்பு. இடிப்பதற்கு முன்பு ஆவணத்துக்காக எடுத்துத் தரச் சொல்வார்கள். தபால் நிலையம், ஆஸ்பத்திரி, அரிசி ஆலை என்று பூட்டு துருப்பிடித்த இடமெல்லாம் எனக்குப் பழக்கம். என் கணவரும் கூட வருவார். கட்டிடத்தின் உயரம் தெரிய நடுவில் ஓர் ஆள் நிற்க வேண்டும். "உன் அளவுகோலே நான்தான்" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அந்த அளவுகோலுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது என்பதுதான் என் தலைவலி. இருட்டான இடத்தில் கேமராவின் கண்ணை அரை நிமிடம் திறந்து வைத்தால்தான் படம் விழும். அதற்குள் அசைகிறவர் புகையாகக் கலைந்துவிடுவார். இவரோ காலை ஆட்டாமல் சாப்பிடக்கூட மாட்டார். டக், டக்டக் என்று ஒற்றைக்கால் தாளம், அதற்கேற்பத் தலையும் ஆடும். நான் எடுத்த படங்களில் எல்லாம் சட்டை இருக்கும், தலை இருக்காது. எங்கள் மகள் அதைச் சொல்லியே அவரை ஓட்டுவாள்.

அன்று போனது ஒரு நூற்பாலைக்கு. வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. உள்ளே கால் வைத்ததும் இருட்டு. இயந்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். தரையில் போல்ட் துளைகளும் எண்ணெய்க் கறையும் மிச்சம். நனைந்த பஞ்சின் நாற்றம். ஒரு புறாகூட இல்லை. இந்த மாதிரி இடத்தில் புறா இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது.

அவர் நடுவில் போய் நின்றார்.

"இன்னிக்காவது அசையாம நில்லுங்க."

"எனக்கென்ன, நிக்கிறேன். கால் கேக்கணுமே."

பொத்தானை அழுத்தினேன். டக், டக்டக்.

சட்டென்று அது நின்றது.

படத்தைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் வரைக்கும் தெளிவாக விழுந்திருந்தார்.

"தலை இருக்குங்க," என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்னைத் தாண்டிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். ஆள் நகர்ந்த பிறகு வெறும் கூடத்தையும் ஒரு படம் எடுப்பது என் வழக்கம். அதையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார். கேட்டால் பதில் சொன்னார், தட்டில் போட்டால் சாப்பிட்டார். கால் மட்டும் ஆடவே இல்லை.

"அப்பா ஏம்மா இப்படி இருக்காரு?" என்று மகள் என் காதில் கேட்டாள்.

மறுநாள் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டேன். கடைசிப் படம், வெறும் கூடம்.

நடுவில் ஒரு சட்டை நின்றது. கழுத்துக்கு மேலே புகை.

ஒரு கை என்னை நோக்கி நீண்டிருந்தது.

தனியாக ஆலைக்குத் திரும்பி ஓடினேன். கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. கேமராவை வைத்து எடுத்தேன். படத்தில் அவர் என் முன்னால், கைக்கு எட்டும் தூரத்தில். துழாவிப் பார்த்தேன். குளிர்தான் விரலில் பட்டது. தொண்டை வற்றும்வரை கூப்பிட்டேன்.

யாரிடம் போய்ச் சொல்வது? கணவரைக் காணவில்லை என்று புகார் கொடுத்தால், வீட்டில் இருக்கும் அவரே வந்து பக்கத்தில் உட்காருவார். ஆலையை இடிக்காதீர்கள் என்று கேட்டேன். காரணம் கேட்டார்கள். அழுகைதான் வந்தது.

மறுபடி மறுபடி போனேன். போகப் போகப் புகை குறைந்தது. முதலில் காது தெரிந்தது, பிறகு நெற்றி. எனக்குப் புரிந்துவிட்டது. அவர் களைத்துப்போகிறார்.

"நிக்காதீங்க," என்று இருட்டைப் பார்த்துக் கெஞ்சினேன். "காலை ஆட்டுங்க. அசைஞ்சுக்கிட்டே இருங்க."

இன்று எடுத்த படத்தில் இமை முடியைக்கூட எண்ணலாம்.

சாயங்காலம் வீடு திரும்பினேன். அடுப்பைப் பற்றவைத்தேன். ஹாலில் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரிக்கிறாள்.

"அம்மா, இங்க வாயேன். அப்பா சரியாயிட்டாரு."

மேசைக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டக். டக்டக்.