மூன்றாவது மென்பொருள்

முதல் மென்பொருள் ஒரு கோப்பைக் கண்டுபிடித்தது. இரண்டாவதும் ஒன்றைத்தான் கண்டுபிடித்தது. மூன்றாவது மட்டும் இரண்டு என்றது.

சுகப்பிரியா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். இரண்டேதான்.

ஒரகடம் தொழிற்சாலையின் அலுவலக மாடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் தவிர யாருமில்லை. பத்து வருஷமாக நாலு யூனிட்டிலும் குவிந்துகிடக்கும் மின்னஞ்சல், வரைபடம், ஸ்கேன் செய்த பதிவேடு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து தேடித் தரும் மென்பொருள் ஒன்று கம்பெனிக்கு வேண்டும். மூன்றை ஒப்பிட்டு, எது எதையும் விடாமல் தேடுகிறது என்று திங்கள் காலைக்குள் அவள் மதிப்பெண் போட்டுக் கொடுக்க வேண்டும்.

சோதனைக்காக ஒரு பொய்யான விபத்து அறிக்கையை அவளே எழுதி உள்ளே போட்டிருந்தாள். இன்றைய தேதி. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் ஏழாம் நம்பர் பிரஸ். மாலை 4.40. வலது கை. பெயர் என்ற இடத்தில், அவசரத்தில் விரலுக்கு வந்ததை அடித்தாள். ஜெபகுமார். காலையில் குன்றத்தூரிலிருந்து அவளைப் பைக்கில் கூட்டிவந்த கணவன். இப்போது கீழே பிரஸ் ஷாப்பில் ஓ.டி. பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏ.சி. ஓடாத அறையில் கார்பெட்டின் ஈர வாடையோடு கீழிருந்து ஏறிவந்த பிரஸ் எண்ணெய் வாசனையும் கலந்திருந்தது. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வர, ஒவ்வொரு பிரஸ் அடிக்கும் மேஜைமேலிருந்த தேநீரில் ஒரு வளையம் எழுந்து மெதுவாக அடங்கியது.

இரண்டாவது கோப்பைத் திறந்தாள். கேட் பதிவேட்டின் ஸ்கேன். நீல மையில் கையெழுத்து.

‘ஆம்புலன்ஸ் உள்ளே 4.52. ஜெபகுமார், பிரஸ் ஷாப்.’

இன்றைய தேதி. மணி இப்போது 4.05.

இங்கே பதிவேட்டை முன்கூட்டியே நிரப்பிவைப்பது எல்லாருக்கும் தெரிந்த பழக்கம்தான். ஷிஃப்ட் தொடங்கும்போதே முடிகிற நேரம்வரைக்கும் ‘ஓ.கே.’ போட்டுவிடுவார்கள். ஆனால் ஆம்புலன்ஸை யார் முன்கூட்டியே எழுதுவார்கள்?

கேட்டுக்குப் போன் செய்தாள். “ஐயனார் அண்ணா, இன்னிக்கு வண்டி ரெஜிஸ்டர யாராவது ஸ்கேன் பண்ணாங்களா?”

“ஞாயித்துக்கிழம எவன் மேடம் வரப்போறான்? ரெஜிஸ்டர் என் முன்னாடிதான் கீது. இன்னிக்கு வந்தது கேன்டீன் பால் வண்டி ஒண்ணுதான். அத்த வேணா ஸ்கேன் பண்ணிக்கினு போங்க.”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தன் பொய் அறிக்கையை அழித்தாள். அழித்தது தேடலில் தெரியக் கால் மணி நேரம் ஆகும். காத்திருந்தாள். பிறகு மூன்றிலும் தேடினாள்.

முதலாவது, ஒன்றுமில்லை என்றது. இரண்டாவதும் ஒன்றுமில்லை என்றது.

மூன்றாவது ஐந்து என்றது.

அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கடிதம். கீழே அவளுடைய கையெழுத்து. கடைசி எழுத்து ஈரம் பட்டுக் கலைந்திருந்தது. அதற்கடுத்து, வேறு வேலை கேட்டு அடுத்த மாதத் தேதியில் ஒரு விண்ணப்பம். கையெழுத்து ஜெபாவுடையதுதான். ஆனால் கோணல்மாணலாக. இடது கையால் போட்டது போல.

அவனுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷாப்புக்குள் யாரும் போன் கொண்டுபோக முடியாது. எல்லாம் லாக்கரில்.

ஓடினாள்.

ஜெபா மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் நின்றிருந்தான். முழுசாக. இரண்டு கைகளோடு.

“இன்னாடி ப்ரியா, பசிக்குதா?”

“ஏழாம் நம்பர் பக்கம் போவாத ஜெபா. வா, வூட்டுக்குப் போலாம்.”

சூப்பர்வைசர் சுப்பராயன் சிரித்தார். “புருஷன ஒரு ஞாயித்துக்கிழம வுட்டுட்டு இருக்க முடியலையாம்மா? ஏழு நல்லாத்தான் கீது. பாரு, ஆறு மணி வரைக்கும் ஓ.கே. போட்டுட்டேன்.”

ஜெபா அவள் முகத்தைப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது.

“சார், கேட் வரைக்கும் வுட்டுட்டு வந்துர்றேன்.”

“சீக்கிரம் வா. மூணுல டை அச்சு மாத்தணும். வந்து ஏழுல நில்லு.”

அவள் அவனுடைய வலது கையைப் பற்றிக்கொண்டாள். எண்ணெய் ஊறிய கையுறைக்குள் கை கதகதப்பாக இருந்தது. தரையில் நடைவழிக்குப் போட்டிருந்த மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டு நடந்தாள். திரும்பி வரவிடக் கூடாது. எப்படியாவது பைக்கில் ஏற்றிவிட வேண்டும்.

“கோவமா?” என்றாள்.

பதிலுக்குக் கை அவள் கையை மெல்ல அழுத்தியது. கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் யாருக்கும் தெரியாமல் அழுத்தியது போல. அவளுக்கு மூச்சு வந்தது.

வாசல் கடிகாரம். 4.39.

பிளாஸ்டிக் திரையை விலக்கினாள். வெளியே மழை தொடங்கியிருந்தது.

பின்னால் ஓர் அடி விழுந்தது. கனமாக. பிறகு எல்லாப் பிரஸ்களும் நின்றன.

“ப்ரியா!”

ஜெபாவின் குரல். ஷாப்பின் அந்தக் கோடியிலிருந்து. ஏழாம் நம்பர் பக்கமிருந்து.

“ப்ரியா…!”

அவள் திரும்பவில்லை. பக்கத்தில் காலடிச் சத்தம் இல்லை. எப்போதிலிருந்து இல்லை?

மழை. மஞ்சள் கோடு. கோட்டின்மேல் சொட்டுச் சொட்டாக ஏதோ.

கையை உதறினாள். மணிக்கட்டுக்கு மேல் எதுவுமில்லாத கையுறைக்குள்ளிருந்த ஐந்து விரல்களும், இன்னும் கதகதப்பாக, அவள் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.