காறல்

முழங்கையின் உள்மடிப்பில் வாசனையே இல்லை.

அவள் மறுபடி முகர்ந்தாள். எண்ணெய் முகர்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஒரு குப்பிக்கும் அடுத்த குப்பிக்கும் நடுவில் தங்கள் கையையே முகர்ந்துகொள்வார்கள். சொந்தத் தோலின் வாசனை பட்டதும், துடைத்த சிலேட்டு மாதிரி மூக்கு சுத்தமாகிவிடும். இன்று அவளுக்குக் கண்ணாடித் தட்டை முகர்வதுபோல் இருந்தது.

"என்ன மூக்கம்மா, உங்களையே உங்களுக்குப் பிடிக்கலையா?" என்றார் கெமிஸ்ட். அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூக்கம்மா என்றுதான் பெயர்.

"சளி பிடிச்சிருக்கு போல சார்."

"சளி பிடிச்ச மூஞ்சியா இது? கண்ணாடில பாருங்க, காலேஜ் பொண்ணு மாதிரி இருக்கீங்க. சோதனைக் குப்பிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்கன்னா கேக்குறீங்களா?"

அவள் சிரிக்க முயன்றாள். கன்னங்கள் சில நாட்களாகவே மரத்துத்தான் கிடந்தன. அதற்காகக் கவலைப்பட வேண்டும் என்று தெரிந்தது. கவலைதான் வரவில்லை.

அந்தக் குப்பியில் இருந்தது முதுமையைத் தள்ளிப்போடும் முக எண்ணெய். காட்டு ரோஜா விதையில் பிழிந்தது, சீக்கிரம் காறி, கெட்ட வாடை ஏறிவிடும். அதனால் வழக்கமாக வைட்டமின் ஈ சேர்ப்பார்கள். எண்ணெய்க்கு வரும் கேட்டை அது முன்னால் நின்று வாங்கிக்கொண்டு, தான் கெட்டுப்போகும். இந்த முறை அதற்குப் பதில் ஏதோ ஒரு வேரின் சாற்றைச் சேர்த்திருந்தார்கள். எண்ணெயும் கெடவில்லை, சாறும் கெடவில்லை.

"அப்ப அந்தக் கேடு எங்க சார் போகும்?" என்று சாற்றைச் சேர்த்த அன்றே கேட்டிருந்தாள்.

"எங்கயாவது போகட்டும். குப்பிக்குள்ள இல்லைல்ல?"

மாலையில் வீட்டுக் கதவைத் திறந்ததும் மூக்கு விழித்துக்கொண்டது. காறல். வெயிலில் உருகிய மெழுகுப் பென்சில், மாதக்கணக்கில் மூடிக் கிடந்த டப்பா, எண்ணெய் ஊறிப் பழுத்த துணி, எல்லாம் கலந்து வெளிச்சம் குறைந்த அந்த வீட்டில் மெல்லிய திரைபோல் தொங்கியது. சமையல் எண்ணெயை முகர்ந்தாள், நன்றாக இருந்தது. சீப்பு, துண்டு, கதவுக் கீல், தன் முக எண்ணெய்க் குப்பி என்று ஒவ்வொன்றாக முகர்ந்தாள். குப்பி அன்று பிழிந்ததுபோல் இருந்தது.

"வந்ததும் வராததுமா என்னத்த மோந்துட்டுத் திரியிற?" சோபாவில் இருந்த கணவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏங்க, வாடை அடிக்கல?"

"உன்னக் கட்டிக்கிட்ட அன்னைக்கே என் மூக்கு வேலைய விட்டுடுச்சு."

"பாப்பா எங்க?"

"ஸ்கூல் விட்டு வந்ததும் போத்திட்டுப் படுத்துட்டா. முட்டி வலிக்குதாம். ரெண்டாங்கிளாஸ் படிக்கிறவளுக்கு முட்டி வலியாம்!"

படுக்கையறையை நோக்கி நடக்க நடக்க வாடை கெட்டியானது. குழந்தை தினமும் அவள் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டுதான் தூங்கும். எண்ணெய் தடவிய கன்னம் வழவழவென்று இருக்கிறதாம்.

போர்வைக்குள் சின்ன உருவம் சுருண்டிருந்தது.

"லைட் போடாதம்மா. கூசுது."

குழந்தையின் குரல்தான். நெற்றியைத் தொட்டாள். எலும்பின் மேல் தோல் நகர்ந்தது. ஈரத் துணி மாதிரி.

"இங்க திரும்புடா கண்ணா."

திரும்பியது.

பால்பற்கள். அவற்றைச் சுற்றிச் சுருங்கிய உதடு. தொங்கிய இமை. தலையணையில் வெள்ளை முடி.

கத்த வேண்டும். தெரிந்தது. வாய் திறக்கவில்லை. பயம் பக்கத்து வீட்டில் அழும் யாரோபோல் சுவருக்கு அப்பால் கேட்டது. தொழில் மட்டும் உள்ளே பேசியது. காறிய எண்ணெயை மீட்க முடியாது. ஆனால் மேலும் காறாமல் நிறுத்தலாம்.

குப்பியை எடுத்துவந்தாள். உள்ளங்கையில் கவிழ்த்தாள். நெற்றியில், கன்னத்தில், கழுத்துச் சுருக்கங்களில் தடவினாள். கடைசிச் சொட்டுவரை.

வாடை நின்றது.

குழந்தையின் கழுத்தில் மூக்கை வைத்தாள். எந்த வாசனையும் இல்லை. பள்ளிக்கூட வியர்வை இல்லை. சோப்பு இல்லை. ஒன்றுமே இல்லை.

"வலி போயிடுச்சும்மா!"

அந்த முகம் அப்படியே இருந்தது. இனி அப்படியேதான் இருக்கும். குழந்தை கட்டிலிலிருந்து குதித்து, தடதடவென்று கூடத்துக்கு ஓடியது.

"பாப்பா, இரு."

உதடு அசையவில்லை. சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

வாசற்படியில் நின்றாள். டிவியின் நீல ஒளி. மகள் அப்பாவின் மடியில் ஏறியிருந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தோடு கன்னம்.

"என்னடி, மூஞ்செல்லாம் எண்ணெய்?" அவன் திரும்பிப் பார்க்காமலே சிரித்தான்.

வாடை மறுபடி தொடங்கியது. சோபாவிலிருந்து.

மகளின் முதுகை அவன் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தான். அந்தக் கையின் மேல் பழுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றாக, மேலே வந்துகொண்டிருந்தன.