உம் கொட்டியவர்கள்

"பால் காய்ச்சட்டுமா?" என்று அடுப்பு கேட்டது. "ம்" என்றார் கனிஷ்கா. "வாசல் விளக்கை அணைக்கட்டுமா?" என்று சுவர் கேட்டது. அதற்கும் ஒரு "ம்". பொள்ளாச்சியில் அவர் வீட்டில் எல்லாக் காலையும் இப்படித்தான் விடியும். கனிஷ்கா என்பது பாட்டிமார்களின் பெயராகிவிட்ட காலம் அது. பேரப்பிள்ளைகள்தான் முத்துச்சாமி, காளியம்மாள் என்று பெயர் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

கையெழுத்து ஒழிந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. பேனா பிடிக்கத் தெரியாதவர்களே நாட்டில் அதிகம். கடை, வங்கி, கல்யாணப் பதிவு எல்லாவற்றுக்கும் குரலொப்பம் போதும். கேள்வி வரும், பதில் சொன்னால் சட்டப்படி முடிந்தது. ஒவ்வொரு வீட்டுப் பேச்சும் ஒவ்வொரு மாதிரி என்பதால், வீட்டுக்கு வீடு அரசு ஓர் அகராதி வைத்திருந்தது. உங்கள் வீட்டார் "ஆச்சு" என்றால் என்ன பொருள், "பார்ப்போம்" என்றால் சம்மதமா மறுப்பா என்பதெல்லாம் அந்த வீட்டகராதியில் பதிவாகியிருக்கும். ஒரு வீட்டில் ஓர் ஒலிக்கு ஒரே பொருள்தான்.

இவ்வளவு வசதியான உலகத்தில்தான் கனிஷ்காவுக்கு அந்தப் பில் வந்து சேர்ந்தது.

பிரேக் போடும்போது கிறீச்சென்று சத்தம் வந்தது, அவ்வளவுதான். போய்ப் பார்த்துவிட்டு வா என்று வண்டியை அனுப்பினார். அது தானாக அவிநாசி சாலை டீலரிடம் போய்ப் படுத்து எழுந்து திரும்பி வந்தது. புதிய பேட்டரித் தொகுப்பு, புதிய முன்பக்க சஸ்பென்ஷன், புதிய இருக்கை உறைகள். பில்லில் பாதி வண்டியின் விலை இருந்தது. கனிஷ்காவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. புதுப் பேட்டரி போட்ட அதே வண்டியில் ஏறி, சண்டைக்குக் கோவை கிளம்பினார்.

டீலர்ஷிப்பின் முறையீட்டு அறையில் இருந்த இளைஞனின் பெயர் முத்துச்சாமி. சண்டைக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, தன்மையாகப் பேசி, பில்லைக் கட்ட வைப்பது அவன் வேலை. மேசை நடுவில் நடுவம் இருந்தது. எந்தக் கடைக்கும் சொந்தமில்லாத, சட்டம் வைத்த இயந்திரம் அது. இருவர் பேச்சையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும்.

"ஏனுங்க தம்பி, இதையெல்லாம் மாத்தச் சொல்லி நான் எப்பங்க சொன்னேன்?"

"சொல்லியிருக்கறீங்கம்மா. கேளுங்க" என்று முத்துச்சாமி பதிவை ஓடவிட்டான்.

கனிஷ்காவின் வண்டி கதை சொல்லும். வண்டியை அனுப்புவதற்கு முந்தின நாள் அவர் அதில் போனபோது, கிணத்துக்கடவு தாண்டும் வரை ஒரு மர்மக் கதை ஓடியிருக்கிறது. கிணற்றில் பிணம் கிடக்கிறது, வண்டி சொல்கிறது. "ம்" என்கிறார் கனிஷ்கா. கிணற்றுக்காரனைக் காணோம். "ம்." இடையில் குரல் மாறாமல், "பேட்டரித் தொகுப்பு தளர்ந்திருக்கிறது, மாற்றிவிடலாமா?" "ம்." "முன் சஸ்பென்ஷனையும் மாற்றலாமா?" "ம்." அப்புறம் மறுபடியும் பிணம்.

"இது கதைக்கு உம் கொட்டுனதுங்க!" கனிஷ்கா மேசையைத் தட்டினார். "கதை கேக்கறவங்க உம் கொட்டாம ஊமையாட்டமா உக்காந்திருப்பாங்க?"

"எனக்குப் புரியுதுங்கம்மா. ஆனா வாய் திறக்காத ஒலியும் ஒப்பந்தான்னு விதி இருக்குதுங்க. பேச்சுப் போனவங்களுக்காகக் கொண்டு வந்ததுங்க அது. பக்கவாதம் வந்தவங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்க... அவங்களும் சம்மதம் சொல்ல வழி வேணுமில்லீங்களா?"

அந்த விதி கனிஷ்காவுக்குத் தெரியும். அவர் கணவர் நிதர்சன் கடைசி மாதங்களில் அந்த ஓர் ஒலியில்தான் வாழ்ந்தார். மூச்சுக்கருவியை எடுக்கச் சொன்னதும் அந்த ஒலியில்தான். மகள் மிருதுளா முதலில் நம்பவில்லை, அம்மா தானாக முடிவெடுத்துவிட்டாள் என்று ஒரு வருஷம் பேசாமலே இருந்தாள். மருத்துவமனைப் பதிவில் அப்பாவின் "ம்" கேட்ட பிறகுதான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதை இங்கே எதற்கு நினைக்க வேண்டும் என்று கனிஷ்கா தண்ணீரைக் குடித்தார்.

"சரி, பில்லு கெடக்குது போங்க. நீங்களும் பாவம், சம்பளத்துக்கு உக்காந்திருக்கறீங்க" என்றார், குரலை இறக்கி. "கார்னு சொன்னதும் ஞாவகம் வருது. எங்க கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை கார் பாலக்காட்டுக் கணவாய்ல நின்னு போச்சுங்க."

"அடடா."

"நல்ல காத்து. கூட வந்த சனமெல்லாம் எறங்கித் தள்ளுது. என்ற வூட்டுக்காரரு பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு அவரும் தள்ளறாரு."

"ம்."

"தலப்பா பறந்துருச்சுங்க. அதைத் தொரத்திட்டு ஓடறாரு. இந்தப் பக்கம் முகூர்த்தம் போகுது."

முத்துச்சாமி சிரித்தான். "ம்."

"மண்டபத்துல என்ற அப்பாரு, மாப்பிள்ளை ஓடிட்டான்னு உக்காந்துட்டாரு. நீங்க இந்தப் பில்லை ரத்துப் பண்ணிருவீங்களா?"

"ம், அப்புறம் என்னாச்சுங்க?"

கனிஷ்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். முத்துச்சாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காது மடல் வரை சிவந்துவிட்டான்.

"பாருங்க தம்பி, நீங்க சம்மதிச்சீங்களா? இல்லீங்க. பிரியமா கேட்டுட்டு இருந்தீங்க. ம்-னா அவ்வளவுதானுங்க. நான் இங்க இருக்கேன், நீ சொல்லுன்னு அர்த்தம்."

"முறையீட்டில் நியாயம் உள்ளது" என்றது நடுவம். "பில் ரத்தாகும். இனி இந்த வீட்டகராதியில் 'ம்' என்பதற்குக் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று பொருள். வீட்டார் இதே ஒலியால் முன்பு தந்த ஒப்பங்களும் இந்தப் பொருளிலேயே திருத்தப்படும். பெரும்பாலானவை பால், விளக்கு, வாசல். மறு ஆய்வுக்குப் போகிறவை இரண்டு. ஒன்று, இந்தப் பழுதுபார்ப்பு. மற்றொன்று, நிதர்சன், மருத்துவமனை, மூச்சுக்கருவி அகற்றல். அது சம்மதமின்றி நடந்ததாகக் குறிக்கப்பட்டு, வாரிசுகளுக்குத் தகவல் போகும். பதியட்டுமா?"

முத்துச்சாமி இயந்திரத்தைப் பார்த்தான், கனிஷ்காவைப் பார்த்தான், பிறகு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கனிஷ்கா உதடுகளை இறுக்கிக்கொண்டார். அந்த மருத்துவமனை அறை அப்படியே கண்முன் வந்து நின்றது. அன்று அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார். பயத்தில் வந்த பேச்சு. ஏனுங்க, பின்னாடி முருங்கை சாஞ்சுருச்சுங்க. ம். மிருதுளாவுக்கு லீவு கெடைக்கலையாமுங்க. ம். உங்களுக்கு வலிக்குதுன்னு டாக்டர் சொல்றாருங்க, இந்தக் குழாயெல்லாம் எடுத்துரச் சொல்லட்டுங்களா? ம். அதற்குப் பிறகு கனிஷ்கா அழுதுகொண்டே, நான் பேசறது கேக்குதுங்களா என்று கேட்டார். அதற்கும் அதே ம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, முருங்கை மரத்துக்குச் சொன்ன அதே ஒலி.

இத்தனை நாளும் அதைச் சம்மதம் என்று நம்பித்தான் சாப்பிட்டார், தூங்கினார். இப்போது தன் வாயாலேயே, சாட்சி வைத்து, அப்படி இல்லை என்று நிரூபித்துவிட்டார்.

"பதியட்டுமா?" என்று நடுவம் மறுபடி கேட்டது.

"வேண்டாம்" என்றார் கனிஷ்கா. வாயை நன்றாகத் திறந்துதான் சொன்னார்.

"முறையீட்டைத் திரும்பப் பெறுகிறீர்களா?"

"ஆமாங்க."

"எனில், உங்கள் வீட்டில் 'ம்' என்பது சம்மதம்தானா?"

"சம்மதந்தானுங்க" என்றபோது குரல் உடைந்துவிட்டது. "எங்க வூட்டுல எப்பவும் அது சம்மதந்தானுங்க."

முத்துச்சாமி வாசல் வரை கூடவே வந்தான். "நான் மேல பேசி, பாதியாவது கொறைக்கப் பாக்கறேனுங்கம்மா" என்றான். "வேண்டாந் தம்பி. முழுசாவே கட்டிர்றேன்" என்றார் அவர். அவன் வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கல்யாணம் அப்புறம் எப்படி நடந்தது என்று அவன் கேட்கவில்லை.

உக்கடம் மேம்பாலத்தில் ஏறும்போது மிருதுளா அழைத்தாள். "என்னம்மா, ஜெயிச்சுட்டியா?"

"தோத்துட்டேன் கண்ணு."

"நீயா? உன்ற வாய்க்கு முன்னாடி எவன் நிக்கறது? சரி விடு, பணம் போனாப் போகுது. இங்க கேளு." மிருதுளா பேச ஆரம்பித்தாள். பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது, இரவெல்லாம் அழுகிறான், வேலைக்காரப் பெண் வரவில்லை, அப்பாவின் பழைய சட்டை ஒன்று பெட்டியில் அகப்பட்டது, இன்னும் அவர் வாசனை இருக்கிறது.

கனிஷ்காவின் தொண்டை வரை அந்த ஒலி வந்தது. வந்து நின்றுவிட்டது. வண்டியும் கேட்டுக்கொண்டிருக்கிறது, காற்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவரால் உதடு சேர்க்க முடியவில்லை.

"அம்மா? லைன்ல இருக்கியா? நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன். அப்பாவாட்டம் ஒரு ம்-மாவது கொட்டலாமில்ல?"

ஜன்னலுக்கு வெளியே வாலாங்குளம் போய்க்கொண்டிருந்தது. கனிஷ்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுட்டுத்தான் இருக்கேன் சாமி" என்றார். "கேட்டுட்டுத்தான் இருந்தேன்."