டிரம்முக்கும் நைட் ஷிப்ட்

கீர்த்தனாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பெயின்ட் டப்பா படுத்தவாக்கில் உருண்டுகொண்டிருந்தது. அதற்கு அவள் வைத்திருந்த பெயர், டிரம்.

அவள் அப்பா செல்வக்குமார் பனியன் கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக். கழித்துப்போட்ட மோட்டார் ஒன்று கம்பெனியில் கிடந்தது. கேட்டு வாங்கி வந்தார். இரண்டு இரும்பு உருளைகளைப் பூட்டினார். வேகத்தைக் குறைக்க ஒரு பெரிய சக்கரம் வைத்தார். உருளைகளின் மேல் டப்பாவைப் படுக்க வைத்ததும் அது மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

டப்பாவுக்குள் கற்கள் இருந்தன. காங்கேயம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கிணறு வெட்டிக் கொட்டியிருந்த மேட்டில் கீர்த்தனா பொறுக்கியவை. கூடவே தண்ணீரும், அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறையில் வாங்கிய சாணைப்பொடியும். டப்பா சுற்றச் சுற்றக் கற்கள் ஒன்றோடொன்று உரசும். முனை மழுங்கும். பிறகு கழுவிவிட்டு, இன்னும் நைசான பொடி போட வேண்டும். கடைசியாகப் பாலிஷ் பொடி. எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும்.

அப்பா தினமும் வேலை முடிந்து வந்ததும் கட்டிலுக்கு அடியில் குனிந்து கேட்பார்.

"கல்லு வெந்துருச்சா கண்ணு?"

"இன்னும் வேகலீங்கப்பா."

அம்மா கோமளாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. "நான் ஊட்டுக்கு வந்தா டிரம்மு நிக்கோணும்" என்று சொல்லியிருந்தாள். அதனால் காலையில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குக் கிளம்பியதும் கீர்த்தனா சுவிட்சைப் போடுவாள். பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் அம்மா வருவதற்குள் நிறுத்திவிடுவாள். யாருக்கும் தொந்தரவு இல்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பள்ளி விடுமுறை. அம்மா, அப்பா இருவருக்கும் வேலை. கட்டிலுக்கு அடியில் டிரம் கொடகொடவென்று ஓடிக்கொண்டிருக்க, கீர்த்தனா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வெளியே சண்டை கேட்டது.

எட்டிப் பார்த்தாள். பக்கத்து ரூம் ஒச்சாயி அக்கா வாசலில் நின்றிருந்தாள். தலை கலைந்திருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. எதிரே வீட்டுக்காரர் லிங்கசாமி.

அந்த லைன் வீடுகள் எல்லாம் லிங்கசாமிக்குச் சொந்தம். பின்னால் ஒரு ஷெட்டில் நாலைந்து தையல் மிஷின்களும் போட்டிருந்தார். வரிசையில் கடைசி ரூம் ஒச்சாயி அக்காவுடையது. உசிலம்பட்டிக்காரி. பல்லடம் ரோட்டில் ஒரு நூல் மில்லில் நைட் ஷிப்ட். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம்.

"பகல்ல ஒரு மனுசி தூங்க வேணாமாய்யா? உங்க மிஷினு கொஞ்ச நேரமாச்சும் நிக்குதா?" என்றாள் ஒச்சாயி அக்கா.

"என்ற மிஷினா? ஏனம்மணி, ஆர்டர் இல்லாம ஒரு வாரமா ஷெட்டு பூட்டிக் கெடக்குது. பூட்டு தொங்குறது தெரியலையா?"

"பூட்டைப் போட்டுட்டு உள்ள ஓட்டுறீக."

"பூட்டைப் போட்டுட்டு நானே உள்ள உக்காந்து தெக்கறனா? அப்ப உன்றகூட இங்க நின்னு பேசறது யாரு?"

பக்கத்து வீட்டு நாகஜோதி தலையை நீட்டினாள். "அது எதுத்த சந்து நிட்டிங் கம்பெனிச் சத்தமுங்க" என்றாள். போர் மோட்டார் என்றார் தெருவில் போன ஒருவர். திருப்பூரில் ஒரு சத்தம் கேட்டால் அது யாரோ ஒருவருடைய மிஷின்தான். கட்டிலுக்கு அடியில் கல் உருளும் என்று யாருக்குத் தோன்றும்?

கீர்த்தனாவுக்கு மட்டும் தோன்றியது.

"நேத்து மில்லுல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்யா" என்றாள் ஒச்சாயி அக்கா. குரல் இறங்கியிருந்தது. "நூலு அம்புட்டும் அறுந்துபோச்சு. இன்னொரு தடவ தூங்குனா வேலைக்கு வராதன்னு சூப்ரவைசர் சொல்லிட்டாரு. நான் ரூமக் காலி பண்ணிக்கிறேன்."

"பண்றதுன்னா பண்ணிக்க. செய்யாத தப்புக்கு நான் பேச்சு வாங்கோணுமா?"

கீர்த்தனா உள்ளே ஓடிச் சுவிட்சை நிறுத்தினாள். கொடகொடச் சத்தம் நின்றது.

வெளியே ஒச்சாயி அக்கா கையைத் தட்டினாள். "பாத்தீகளா! சத்தம் போட்டதும் நிப்பாட்டிட்டாக!"

"யாரு நிப்பாட்டுனது? நான் இங்கதான நிக்கறேன்!"

சண்டை முன்பைவிடப் பெரிதானது. சும்மா இருந்துவிட்டால் டிரம் தப்பித்துவிடும். ஆனால் ஒச்சாயி அக்கா போய்விடுவாள். லிங்கசாமி வீணாகத் திட்டு வாங்குவார்.

கீர்த்தனா வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, அது அவரு மிஷினு இல்லீங்க. என்னோட டிரம்முங்க."

இருவரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இருவரும் உள்ளே வந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்தார்கள். லிங்கசாமிக்கு முட்டி மடங்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுல என்னம்மணி தெக்கறே?"

"தெக்கறதில்லீங்க. கல்லு பாலிஷ் பண்றதுங்க."

"கல்லா?"

"இம்புட்டு நாளா இந்த டப்பாவா என் தலைமாட்டுல உருண்டுச்சு?" என்றாள் ஒச்சாயி அக்கா. அவள் பாய் போடும் இடமும் கீர்த்தனாவின் கட்டிலும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தன.

"தெரியாமப் பண்ணிட்டேனுங்க்கா. இனிமே ஓட்ட மாட்டேன். நீங்க காலி பண்ணாதீங்க."

"இனி இது பகல்ல ஓடுச்சுன்னா ஒயரப் புடுங்கிப் போடுவேன்" என்றார் லிங்கசாமி. எழுந்திருக்க அவருக்கு இரண்டு பேரும் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஒச்சாயி அக்கா தூங்கப் போனாள்.

கீர்த்தனா டப்பாவைத் திறந்தாள். அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் சாணைப்பொடிச் சேறு சிமென்ட் மாதிரி இறுகிவிடும். கற்களை எடுத்துக் கழுவித் தட்டில் பரப்பினாள். ஈரமாக இருந்தவரை அழகாக இருந்தன. காய்ந்ததும் திருநீறு பூசியது போல வெளுத்தன. கடைசிப் பாலிஷ் மட்டும்தான் பாக்கி.

சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பகல்ல ஓட்டுனா அக்காவுக்குத் தூக்கம் கெடும். ராத்திரி ஓட்டுனா நமக்கெல்லாம் கெடும். என்னங்கப்பா பண்றது?"

"கல்லு அரை வேக்காட்டோட நின்னுபோச்சா?" என்றார் அப்பா.

மில் பஸ் வந்து நின்றது. ஒச்சாயி அக்கா ரூமைப் பூட்டிக்கொண்டு ஓடினாள். கீர்த்தனா பஸ்ஸைப் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அக்கா தூங்கி எழும்வரை காத்திருந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, ராத்திரி உங்க ரூம்ல யாரும் இல்லீங்களே?"

"யாரு இருக்கா? பூட்டித்தான கெடக்கு."

"அப்ப ராத்திரிக்கு டிரம்ம இங்க ஓட்டிக்கட்டுங்களா?"

ஒச்சாயி அக்கா வாய் பிளந்தாள். "என் தூக்கத்தக் கெடுத்ததே அது. அதுக்கு என் ரூம்லயே எடம் கேக்குறியா?"

"நீங்க தூங்குறப்ப அதும் தூங்கும். நீங்க வேலைக்குப் போறப்ப அதும் வேலை செய்யும். காலைல நீங்க வந்து சுவிட்ச நிறுத்திருங்க."

"உங்க வீட்டுக்குச் சத்தம் வராதாத்தா?"

கீர்த்தனா வெளியே போய் ஒரு சாக்கை இழுத்து வந்தாள். கம்பெனியில் அப்பா வாங்கி வந்த பனியன் வேஸ்ட், வெட்டிக் கழித்த துண்டுத் துணிகள். அதைச் சந்துப் பக்கத்து மூலையில் அமுக்கிப் போட்டாள். அந்தப் பக்கம் வீடே கிடையாது. சாக்கின் மேல் பலகை, பலகையின் மேல் டிரம். அப்பா தங்கள் வீட்டிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துக் கொடுத்தார். கீர்த்தனா பாலிஷ் பொடியும் கற்களும் போட்டுச் சுவிட்சைத் தட்டினாள்.

லிங்கசாமி சந்தேகத்தோடு வந்து, கீர்த்தனா வீட்டுச் சுவரில் காதை வைத்தார். காதை மாற்றி வைத்தார்.

"ஓடுதா?"

"ஓடுதுங்க."

"யாரோ தூரத்துல மாவு பெசையற மாதிரி இருக்குது. சரி, ஓடட்டும்."

"ஐயா" என்றாள் ஒச்சாயி அக்கா. "பூட்டிக்கெடந்த மிஷினப் போயித் திட்டிப்புட்டேன். மனசுல வச்சுக்கிறாதீக."

"அதுக்கென்னம்மணி. ஆர்டர் வந்தா நெசமாவே சத்தம் போடும். அப்பத் திட்டிக்க."

அன்றிலிருந்து சாயங்காலம் மில் பஸ் வரும்போது ஒச்சாயி அக்கா டிரம்மை ஓட விட்டுக் கிளம்பினாள். காலையில் வந்து நிறுத்தினாள். மில்லில் நூலும் அறுபடவில்லை.

பாலிஷ் முடிகிற நாள். பள்ளிச் சீருடையோடு கீர்த்தனா வாசலில் நின்றிருந்தாள். மில் பஸ்ஸிலிருந்து ஒச்சாயி அக்கா இறங்கினாள். தலையெல்லாம் பஞ்சு.

"வெந்துருச்சாத்தா?"

"தொறந்து பாத்தாத்தாங்க தெரியும்."

டிரம்மை நிறுத்தினார்கள். அலசிய கற்களை ஒரு பனியன் துண்டில் கொட்டித் துடைத்தார்கள். கீர்த்தனா ஊதி ஊதிக் காய வைத்தாள். காய்ந்த பிறகும் அவை பளபளத்தன.

பால் நிறக் கல் ஒன்றை அக்கா வெளிச்சத்தில் சாய்த்தாள். அதற்குள் ஒரு நீல ஒளி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடியது. மறுபடி சாய்த்தாள். மறுபடி ஓடியது.

"அது உங்களுக்குங்க்கா."

"எனக்கா? நல்லா இருக்கறத நீ வச்சுக்கத்தா."

"உங்க ரூம்ல வெந்ததுங்க."

அக்கா சிரித்தாள். கல்லை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கீர்த்தனா மீதிக் கற்களைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

ஒச்சாயி அக்கா கதவைச் சாத்தி, டிரம்முக்கு எதிர் மூலையில் பாயை விரித்தாள். இரவெல்லாம் வேலை பார்த்த இருவரும், ஆளுக்கொரு மூலையில், தூங்க ஆரம்பித்தார்கள்.