ஜெசிந்தா சட்டம்

புதுக்கொற்கையில் எழுந்ததும் முதல் வேலை மூச்சுமானியில் ஊதுவது. பல் துலக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். முந்தின நாள் யார் எவ்வளவு காற்றை இழுத்தார்கள் என்று அந்தக் கருவி சொல்லிவிடும். அளவு மீறியவர்கள் அன்று முழுவதும் படியேறக் கூடாது, பாடக் கூடாது, வீட்டில் சண்டை போடக் கூடாது. நிலவின் தரைக்கடியில் ஐந்து குகைத்தெருக்களாகக் குடைந்த ஊரில் காற்றைக் கிள்ளித்தான் கொடுக்க முடியும்.

ஒவ்வொரு தெரு முனையிலும் ஓர் அடைகதவு உண்டு. எங்காவது சுவர் பிளந்தால் அந்தத் தெருவை உடனே அடைத்துவிட வேண்டும். தவறினால் மொத்த ஊரின் காற்றும் அந்த ஒரு பிளவு வழியாக வெளியே போய்விடும். ஆரம்பத்தில் கதவை இயந்திரமே மூடியது. ஒருமுறை அது இரண்டு பேரை உள்ளே வைத்து மூடிவிட, இனி மனிதன்தான் மூட வேண்டும் என்று ஊர் போராடி வாங்கிக்கொண்டது. இயந்திரம் தப்பு செய்ததல்ல, அதைச் சிறையில் போட முடியவில்லை என்பதுதான் ஊரின் குறை.

அன்று காலை ஜெசிந்தாவின் மூச்சுமானி சிவப்பாக எரிந்தது. இரவெல்லாம் அவள் தூங்கவில்லை. முந்தின மாலைதான் மேல்முறையீட்டு மன்றம் கதவுக்காவலர் சுடலைமணியின் தண்டனையை மாற்றி எழுதியிருந்தது. இருபது ஆண்டு இரண்டாண்டாகிவிட்டது. அந்த இரண்டையும் அவர் நிலவின் மேல்தளத்தில் புழுதி அள்ளியே கழித்துவிட்டதால், இன்றே விடுதலை.

இரண்டு வருடத்துக்கு முன் ஐந்தாம் தெருவின் சுவர் பிளந்தபோது கதவை மூடியவர் சுடலைமணி. உள்ளே மாட்டி இறந்த ஒன்பது பேரில் ஜெசிந்தாவின் கணவன் அந்தோணியும் ஒருவன். முதல் தீர்ப்பு வந்த அன்று, "இருவது வருசம் போதாது. சாகுற வரைக்கும் அள்ளட்டும்" என்று கேமரா முன்னால் சொன்னவள் அவள்தான். அந்த ஒரு வரியை ஊர் இன்னும் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் மறுவிசாரணைக்கு நாள் தவறாமல் போய் உட்கார்ந்ததும் அவள் ஒருத்திதான். சட்டை போட்டவர்களில் ஒருவரையும் அங்கே காணவில்லை. சுடலைமணி நீதிபதியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே பேசினார். "ஒங்க வீட்டுக்காரரு ஓடி வந்துட்டிருந்தாரும்மா. வந்துருவாரு, வந்துருவாருன்னு விதியத் தாண்டியும் கதவத் தெறந்தே வச்சிருந்தேன். பெறவு நாலாந் தெருப் பள்ளிக்கூடத்துல காத்து எறங்குதுன்னு மணி அடிச்சிட்டு." அன்று அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவளுடைய மகள் ரீனா இருந்தாள். ஜெசிந்தா வீட்டுக்கு வந்து மகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். யாரை வெறுப்பது என்று தெரியாமல் போனது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

போராட்டக் குழுத் தலைவன் பொன்னரசு விடிந்ததுமே வந்து நின்றான். நல்ல பையன்தான். அந்தோணியின் சாவுக்குச் சோறாக்கிப் போட்டவன்.

"அக்கா, தீர்ப்பப் பாத்தீங்கள்ல? மத்தியானம் அஞ்சாந் தெருவுல கூட்டம். நீங்க ரெண்டு வார்த்த பேசணும்."

"அந்த ஆளு மேல எனக்கு இப்பக் கோவம் இல்ல தம்பி."

"இது ஒங்க கோவம் மட்டும் இல்லக்கா. ஊரு கோவம். நீங்க வரலேன்னா சனம் மனசு விட்டுரும்."

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. தேர்தல் நெருங்கியிருந்தது. காற்றுவள அமைச்சர் காலைச் செய்தியிலேயே தோன்றி, தீர்ப்பு தம் நெஞ்சைச் சுட்டுவிட்டதாகச் சொன்னார். சுடலைமணியின் விடுதலையை நிறுத்தி வைத்தார். கையோடு ஓர் அவசரச் சட்டமும் வந்தது. உள்ளே ஓர் உயிர் இருக்கும்போது அமைச்சரின் அனுமதியில்லாமல் அடைகதவை யார் மூடினாலும் இருபது ஆண்டு. எந்த மன்றமும் அதைக் குறைக்க முடியாது. அதற்கு ஜெசிந்தா சட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர்க்காரியை யாரும் கேட்கவில்லை.

கடைசியாகத்தான் அமைச்சர் இனிப்பைக் கொடுத்தார். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு இன்று மூச்சுக் கட்டுப்பாடு கிடையாது. ஐந்தாம் தெருவுக்கு வேண்டிய காற்றை அரசே இலவசமாக வழங்கும்.

ஊர் திரண்டுவிட்டது. தீர்ப்பைப் படித்தவர்களைத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார்கள். பாதிப்பேர் வந்தது வாய்விட்டுக் கத்திப் பார்க்கத்தான். பிறந்ததிலிருந்து அளந்து மூச்சு விட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சுகம் என்று நமக்குப் புரியாது.

ஜெசிந்தா ஐந்தாம் தெரு வாசல்வரை வந்தாள். அந்தோணி விழுந்துகிடந்த இடத்தைத் தாண்ட அவளுக்குக் கால் வரவில்லை. இப்போதைய கதவுக்காவலன் கதிரேசன் அவளைத் தன் கூண்டுக்குள் கூப்பிட்டு முக்காலியைப் போட்டுக் கொடுத்தான். கூட்டத்தின் இரைச்சல் அங்கேயும் கேட்டது. இலவசக் காற்றுக்காக அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். பழைய பிளவில் ஒட்டுப்போட்ட இடம் அதே தெருவில்தான் இருந்தது. அது யாருக்கும் தெரியாத செய்தியும் இல்லை.

ஒட்டு பெயர்ந்தபோது பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. கொடிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பிறகு கூட்டம் கதவை நோக்கி ஓடிவரத் தொடங்கியது. நெம்புகோலில் இருந்த கையைக் கதிரேசன் எடுத்துவிட்டு, அமைச்சர் அலுவலகத்தைக் கூப்பிட்டான்.

"ஐயா மக்கள்கிட்ட நேரலையில பேசிட்டிருக்காங்க. முடிஞ்சதும் கேட்டுச் சொல்றேன்" என்றது அங்கிருந்த குரல்.

கூண்டின் திரையில் அமைச்சர், இனி ஒரு கதவுகூட ஓர் உயிரின் மேல் மூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது. பின்னால் பொன்னரசு ஒரு பெரியவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர். வந்துவிடுவான், வந்துவிடுவான் என்று ஜெசிந்தா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பள்ளிக்கூடத்து மணி அடித்தது.

"கதிரேசா, மூடு."

"முடியாதுக்கா. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"எனக்கும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தாவே நெம்புகோலை இழுத்தாள்.

பொன்னரசின் முகத்தை அவள் கடைசிவரை பார்த்தாள். பார்க்காமல் திரும்பிக்கொள்வது அவனுக்குச் செய்யும் துரோகம் என்று தோன்றியது.

உள்ளே ஆறு பேர் இறந்தார்கள். வெளியே ஊர் முழுதும் பிழைத்தது; பிழைத்த ஊர் அன்று மாலையே மன்றத்தின் முன்னால் கூடியது. வழக்கு சீக்கிரம் முடிந்தது. நீதிபதிகளுக்கு யோசிக்க இடமே வைக்காத சட்டம் அது. ஜெசிந்தா சட்டத்தில் உள்ளே போன முதல் ஆள் ஜெசிந்தா. ரீனாவை நாலாம் தெருப் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள்.

மேல்தளத்தில் முதல் நாள், கனத்த உடுப்புக்குள் நடக்கத் தெரியாமல் தடுமாறியவளுக்கு மண்வாரியை நீட்டியவர் சுடலைமணி. இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, தலைக்கவசத்துக்குள் ஊர்ச் செய்தி ஓடியது. பொன்னரசின் மனைவி மங்களத்திடம் கேமராவை நீட்டி, இருபது வருடம் போதுமா என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை, அழுதாள். அந்த அழுகைக்கே ஊர் கொதித்துப்போயிற்று. மக்கள் உணர்வை மதித்து அரசு தண்டனையை ஆயுளாக்கப் போகிறது, சட்டத்தின் பெயரையும் மங்களம் சட்டம் என்று மாற்றப் போகிறது. ஐந்தாம் தெரு அடைபட்டுவிட்டதால் இம்முறை பாராட்டுக் கூட்டம் நாலாம் தெருவில், பள்ளிக்கூடத்து முன்னால். காற்று இலவசம்.

ஜெசிந்தா மண்வாரியை நிறுத்தினாள். சுடலைமணியும் நிறுத்தினார்.

"நாலாந் தெருக் கதவுல இப்ப யாரும்மா நிக்கா?"

"கதிரேசனத்தான் அங்க மாத்துனாங்க, அவன் வேலைய விட்டுட்டான். ஊரு பூரா கேட்டுப் பாத்துட்டாங்களாம்" என்றாள் ஜெசிந்தா. "யாரும் வரல."