சாம்பல் உத்தரவு

காலை எட்டு மணிக்கு நளாயினி அன்றைய முதல் சாம்பல் உத்தரவைக் கொடுத்தாள். அது கைப்பைகளுக்கானது. முந்தைய நாள் ரோட்டர்டாம் துறைமுகத்தில் பிடிபட்ட பைகளின் தொகுதி எண்ணைத் திரையில் சரிபார்த்து, விரலை வைத்து அழுத்தினாள். இனி மிலானிலோ வார்சாவிலோ அந்தத் தொகுதிப் பை யாருடைய தோளில் தொங்கினாலும், அதிலுள்ள பொன்னிற முத்திரை சில நொடிகளில் சாம்பலாகிவிடும். ரயிலில் நிற்கும் ஒரு பெண் அதைக் கவனித்து, பையை மறுபுறம் திருப்பிப் பிடித்துக்கொள்வாள். நளாயினி எழுந்து தேநீர் எடுக்கப் போனாள்.

ஐரோப்பாவில் எந்தப் பொருளை விற்பதானாலும் அதில் மூலக்குறி என்ற இழை இருக்க வேண்டும். இழை இல்லாத பொருளோடு கடைக்குள்ளும் போக முடியாது, ரயிலிலும் ஏற முடியாது. அதனால் போலிகளைச் செய்தவர்கள் அந்த இழையையும் அப்படியே நகலெடுத்தார்கள். நகல் இழையும் மூலச்சான்று ஆணையத்தின் உத்தரவுக்குப் பணிந்தது. பையானால் முத்திரை மங்கும். மின்சாரத்தில் இயங்கும் பொருளானால் அணைந்துபோகும்.

நளாயினிக்கு நாற்பத்தாறு வயது. பருத்தித்துறையிலிருந்து அகதிகளாக வந்த ஒரு குடும்பத்தின் பேத்தி, ரோட்டர்டாமிலேயே பிறந்தவள். ஆணையத்தில் பதினெட்டு ஆண்டு வேலை. அவள் கொடுத்த உத்தரவுகளால் என்னென்னவோ அணைந்திருக்கின்றன. அவற்றை வைத்திருந்த ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை.

அந்த ஜூலை மாதத்தில் பிடிபட்டவை குளிர்ச்சட்டைகள். கோடை வெப்பம் நாற்பத்தைந்து பாகையைத் தொடத் தொடங்கிய பிறகு, வெளியிலும் கண்ணாடிப் பண்ணைகளிலும் வேலை செய்பவர்கள் மெல்லிய குழாய்களில் குளிர்நீர் ஓடும் அந்தச் சட்டையை அணிந்தார்கள். நாற்பது பாகைக்கு மேல் சான்றுள்ள குளிர்ச்சட்டை இல்லாமல் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். உரிமம் தோர்ன்வெல் என்ற நிறுவனத்திடம் இருந்தது. துறைமுகத்தில் பிடிபட்ட கொள்கலனில் இருந்தவை அதன் போலிகள். அதே தொகுதியில் நாலாயிரத்து இருநூறு சட்டைகள் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தன. பெரும்பாலானவை துறைமுகத்துக்கு வடக்கே இருந்த தக்காளிப் பண்ணைகளில், வேலையாட்களின் உடம்பில் இருந்தன.

இறக்குமதி செய்தவர் குகதாசன் என்ற அறுபது வயதுக்காரர். விசாரணை அறையில் அவர் எதையும் மறுக்கவில்லை. உண்மையான சட்டை கிடைக்காத பண்ணைகளில் இரண்டு பேர் ஒரு சட்டையை முறைவைத்துப் போட்டுக்கொண்டிருந்ததாகவும், அதைப் பார்த்த பிறகே இந்தத் தொழிலில் இறங்கியதாகவும் சொன்னார். அதை நம்புவதா வேண்டாமா என்று நளாயினிக்குத் தெரியவில்லை. வாக்குமூலத்தில் கையெழுத்திட்ட பிறகு அவர் எழும்பவில்லை.

"பிள்ளை, ஒண்டு கேக்கலாமே?"

"கேளுங்கோ அண்ணை."

"அஞ்சு மணிக்குப் பிறகு அணையுங்கோ. இப்ப சனம் பண்ணைக்குள்ளை நிக்குது. வெளியிலையே நாப்பத்திமூண்டு. உள்ளுக்கை இன்னும் கூட."

சோதனைக்கூடத்தின் முடிவு பதினொன்றரைக்கு வந்தது. நாற்பது சட்டைகளைச் சோதித்திருந்தார்கள். முப்பத்தொன்பது குறையில்லாமல் குளிர்ந்தன. ஒன்றில் மட்டும் பேட்டரி சூடேறி, துணி கருகியிருந்தது. முடிவு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் உத்தரவு போக வேண்டும் என்பது விதி. தோர்ன்வெல்லின் வழக்கறிஞர் மார்லேன் திரையில் காத்திருந்தாள். நிதானமான பெண். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற ஒரு போலிச் சட்டை தீப்பிடித்து ஒருவர் இறந்ததை நினைவூட்டினாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. மாலைவரை பொறுத்தால் நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏதாவது ஒரு சட்டை யாருடைய முதுகிலாவது எரியலாம். உடனே அணைத்தால் கண்ணாடிக் கூரையின் கீழ் அத்தனை பேரும் மயங்கி விழலாம்.

முன்கூட்டியே எச்சரிக்கலாமா என்று நளாயினி கேட்டாள். கூடாது என்று மார்லேன் சொன்னாள். எச்சரித்தால் பொருள்களை ஒளித்துவிடுவார்கள். அதனால்தான் சட்டம் அதைத் தடுக்கிறது. நளாயினிக்கும் அது தெரிந்ததுதான். புதியவர்களுக்கு அந்தப் பிரிவைப் பாடமாக நடத்தியவளே அவள்தான்.

சட்டையின் கழுத்துப்பட்டையில் ஒரு சிறிய ஒலிபெருக்கி உண்டு. அணைந்ததும் அது அணிந்திருப்பவரின் மொழியில் ஓர் அறிவிப்பைச் சொல்லும்: இந்தப் பொருள் போலியானது, மையத்தில் ஒப்படைக்கவும். நளாயினி உத்தரவுப் படிவத்தைத் திறந்து அந்த வாசகத்தை அழித்தாள். அதற்குப் பதிலாக இப்படி எழுதினாள்: "இன்னும் இருபது நிமிடத்தில் இந்தச் சட்டை நின்றுவிடும். வேலையை நிறுத்துங்கள். வெளியே போய் நிழலில் நின்று தண்ணீர் குடியுங்கள்." அறிவிப்பு முதலில் போகும்படியும், அணைப்பு இருபது நிமிடம் கழித்துப் போகும்படியும் மாற்றினாள். பிறகு விரலை வைத்து அழுத்தினாள்.

அன்று நண்பகலில் பண்ணைகளின் கதவுகள் திறந்தன. நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பல மொழிகளில் பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவரும் மயங்கி விழவில்லை. ஆனால் அந்த இருபது நிமிடத்துக்குள் யாரோ ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். இழை இருக்கும் கழுத்துப்பட்டையில் அலுமினியத் தாளைச் சுற்றினால் உத்தரவு உள்ளே போகாது. செய்தி கைபேசியில் பரவியது. ஒப்படைக்கப்பட்டவை ஐந்நூறுகூட இல்லை. மற்றவை தாளுக்குள் தொடர்ந்து குளிர்ந்துகொண்டிருந்தன.

மார்லேன் புகார் கொடுத்தாள். ஆணையம் நளாயினியைப் பணியிடைநீக்கம் செய்தது. அவள் வீட்டில் இருந்தாள். மனம் கனமாக இல்லை. செய்தது சரி என்றே நினைத்தாள்.

மூன்று வாரம் கழித்துக் குகதாசன் தொலைபேசியில் அழைத்தார். ஒரு சட்டை எரிந்துவிட்டது என்றார். மருத்துவமனையின் பெயரைச் சொன்னார்.

தீக்காயப் பிரிவில் கமலரஞ்சினி குப்புறப் படுத்திருந்தாள். முப்பத்துநாலு வயது, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. முதுகும் வலது தோளும் கட்டுக்குள் இருந்தன. நளாயினியை ஏதோ உதவி அமைப்பைச் சேர்ந்தவள் என்று நினைத்து, தலையைத் திருப்பிச் சிரிக்கப் பார்த்தாள். ஊர் எது, இங்கே யார் இருக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் பேச்சு போனது. பிறகு நளாயினி, சட்டை போலி என்று தெரிந்த பிறகும் ஏன் கழற்றவில்லை என்று கேட்டாள்.

"முதல் கழட்டினனான் அக்கா. பிறகு யோசிச்சுப் பாத்தன். ரெண்டு வரியமா இந்தப் பண்ணையிலை ஒருத்தரும் எங்களை வெளியிலை போய் நில்லுங்கோ எண்டு சொன்னதில்லை. அந்தச் சட்டைதான் சொன்னது. தமிழிலை சொன்னது. தண்ணி குடி எண்டும் சொன்னது. இப்பிடிச் சொல்லுற சட்டை எங்களுக்குக் கெடுதல் செய்யாது எண்டு எல்லாரும் கதைச்சம். அதாலைதான் தாளைச் சுத்திப் போட்டுக்கொண்டம்."

நளாயினி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை எழுதினது நான்தான்" என்றாள். தான் யார், என்ன வேலை செய்தாள், நாற்பதில் ஒன்று கருகியதை அறிவிப்பில் எழுதாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். எழுதினால் பயந்து ஓடுவார்கள் என்பதால் விட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் அது அவள் நினைவுக்கே வரவில்லை என்பதையும் சொன்னாள்.

"அப்ப வெளியிலை வரச் சொன்னதும் நீங்கள்தான். அணைச்சதும் நீங்கள்தான்" என்றாள் கமலரஞ்சினி. குரலில் கோபம் இல்லை. சரியாக விளங்கிக்கொள்ளப் பார்ப்பவளின் குரல் அது.

"ஓம்."

கமலரஞ்சினியின் பண்ணையில் இன்னும் முப்பத்தொரு பெண்கள் அதே சட்டையோடு நின்றார்கள். அவள் கைபேசியை எடுத்துத் தரச் சொல்லி அவர்களில் ஒருத்தியை அழைத்தாள். சட்டைகளைக் கழற்றச் சொன்னாள். தன் முதுகைப் பற்றிச் சொன்னாள். மறுமுனையில் பேச்சு நீண்டது. நாளைக்கும் நாற்பத்திரண்டு என்கிறார்கள், சட்டையைக் கழற்றிவிட்டு எதைப் போடுவது, சட்டை இல்லை என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அந்தக் குரல் கேட்டது. கமலரஞ்சினி கைபேசியை நளாயினியிடம் நீட்டினாள்.

"சூடு ஏற முதல் வெளியிலை வாங்கோ" என்றாள் நளாயினி. "சட்டை குடுக்காமல் உங்களை உள்ளுக்கை வைச்சிருக்க பண்ணைக்காரருக்கு உரிமை இல்லை. அதைச் சொல்லுறதுக்கு நான் வாசலிலை நிப்பன்."

"வேலை போனா?"

"போகலாம். போகாது எண்டு நான் சொல்லமாட்டன்."

மறுநாள் காலை பத்தரைக்கு அவள் பண்ணையின் வாசலில் நின்றாள். சுவரில் இருந்த வெப்பமானி முப்பத்தொன்பதைக் காட்டியது. மேற்பார்வையாளர் வந்து, யார் அனுப்பியது என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றாள். உள்ளே இருக்கும் சட்டைகள் போலி என்பதையும், அதற்குச் சான்றாகக் கையெழுத்திட்டது தானே என்பதையும், நாற்பது பாகைக்கு மேல் என்ன விதி என்பதையும் சொன்னாள். அவர் மறுத்துப் பேசவில்லை. அலுவலகத்தோடு கதைத்துவிட்டு வருகிறேன் என்று போனார், திரும்பி வரவில்லை.

பதினொன்றுக்கு வெப்பமானி நாற்பதைத் தாண்டியது. செடி வரிசைகளுக்கு நடுவிலிருந்து முதலில் ஒருத்தி வந்தாள். சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். பிறகு மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். முப்பத்தொரு பேரில் மொத்தம் ஒன்பது பேர் வந்து, நிறுத்தியிருந்த லாரியின் நிழலில் உட்கார்ந்தார்கள். உள்ளே மற்றவர்கள் தக்காளி பறித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சிலர் பறிப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். கதவு தானாக மூடத் தொடங்கியது. நளாயினி அதைத் தோளால் தடுத்து, சாய்ந்து நின்றுகொண்டாள்.